அவனை எழுப்பாதே

அவள் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது, அது கடைசியில் தானாக வரும். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

இன்றைக்கும் ஏதாவது ஒரு கதையின் அடியில் ‘தொடரும்’ என்று பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று இழுக்கிறார்களே, அவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கோபம் என் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. பாதி அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதி என்மேலேயே எனக்கு வந்த கோபம். அது ஒட்டிக்கொண்டதைவிட மோசமானது.

செங்கல்பட்டில் எனக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை கிடைத்த புதிது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்கட்டில் அறை கிடைத்தது. முன்கட்டில் அக்காவும் அவள் மாமியாரும் இருந்தார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. அக்காவின் புருஷன் கல்யாணமான அடுத்த வருஷமே ரங்கூனுக்குக் கடை வைக்கப் போனவர். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்தபோது ஊர்க்காரர்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. இப்படிப் பத்து வருஷம். அக்காவுக்கு அப்போது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம், ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தொடர்கதை. பைத்தியம் என்றால் ரசித்து உருகுகிற பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அந்தக் கதையோடு சண்டை போட்டாள். வாராவாரம் போட்டாள். சண்டை போடுவதற்காகவே வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்கால ரயிலில் பட்டணத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி வருவேன். வழியில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். ஒரு தடவை பார்த்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அவள் வாய்விட்டுப் படிப்பாள், மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டு கேட்பார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். கதை இதுதான். ஒரு பழங்காலத்து மாலுமி, நம் மாமல்லபுரத்துக் கரையிலிருந்து கப்பலேறிப் போகிறவன். கரையில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. அவனைக் கொல்லத் திரியும் ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் ஒருவன். எல்லோருக்கும் ஆசிரியர் அடுக்கடுக்காகப் பெயர் வைத்திருந்தார். அக்கா அதில் ஒன்றையும் மதிக்கவில்லை. கப்பல்காரன், அழுமூஞ்சி, ஒத்தக்கண்ணன் என்று அவளாகப் பெயர் வைத்துக்கொண்டாள்.

பத்து வரி தாண்டியிருக்க மாட்டாள், நிறுத்திவிடுவாள்.

“இன்னாமே இது? முப்பதாம் வாரத்துல ஒத்தக்கண்ணனுக்கு எடது கண்ணு பொட்டை. இப்ப வலது கண்ணுல துணி கட்டிகினு கீறான்றான். ரெண்டு கண்ணும் பூடுச்சா அவனுக்கு? அப்புறம் எப்படிக் கத்தி வீசுறான், மோப்பம் புடிச்சா?”

“ஞாபகப் பிசகா இருக்கும்க்கா.”

“எனக்கு கீது இல்ல ஞாபகம்? நான் ரவிக்கை தைக்கிறவ. எடது கைய வலது கைல வெச்சித் தைச்சா உட்டுடுவாங்களா என்னை? மூஞ்சில வீசிட்டுப் போவாங்க.”

அவளிடம் அத்தாட்சி இருந்தது. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். அக்கா முடியும்வரை காத்திருக்கவில்லை. அந்தந்த வாரத்தை அப்போதே கோணி ஊசியால் முந்தின வாரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். சந்தேகம் வந்தால் கட்டை எடுத்துப் புரட்டி, விரலை வைத்து, “தா பாரு, எடது” என்று காட்டுவாள். கப்பல்காரனின் குதிரை வெள்ளையாக இருந்து பழுப்பானது, அழுமூஞ்சியின் தங்கை பதினைந்து வாரம் சமையலறையில் இருந்துவிட்டு ஒரேயடியாகக் காணாமல் போனது, எல்லாம் அந்தக் கட்டில் இருந்தது. தங்கை விஷயத்தில் அவளுக்குக் கோபம் ஆறவே இல்லை. “அந்தப் பொண்ணு எங்கமே? தண்ணி எடுக்கப் போனா, அறுபது வாரமா ஆளக் காணோம். பெத்தவளாவது தேடக் கூடாது?” என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

இழுத்தடிப்பு அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை நிலா வெளிச்சத்தையே மூன்று வாரம் எழுதினார் ஆசிரியர். மூன்றாவது வாரம் அக்கா பத்திரிகையை மெஷின்மேல் போட்டாள். “கதை கையில இல்லன்னா லீவு சொல்லிட்டுப் போ. நிலாவைக் காட்டிகினு நிக்கிறான், சோறு ஊட்டறவ மாதிரி.” தீபாவளி மலருக்காக நடுவில் சம்பந்தமில்லாத ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்தபோது அவள் பட்ட ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மெஷின் மிதித்த வேகத்தில் ஒரு ரவிக்கையின் கழுத்தையே அன்று தைத்து மூடிவிட்டாள்.

“அவ்வளவு கோபம் வந்தா நிறுத்திட வேண்டியதுதானேக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மொதல் இருவது வாரம் எப்படி எயுதினான் தெரியுமா? அல்லா, அப்படி இருந்துச்சு. அந்த ருசியக் காட்டிட்டான். இப்ப அத வெச்சிகினு ஏமாத்திகினு கீறான். நான் நிறுத்திட்டா அவன யாரு கேக்கறது?”

அவள் கேட்டாள். கடிதம் போட்டுக் கேட்டாள். அங்கேதான் நான் வருகிறேன்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. சின்ன வயதில் மதரஸாவில் ஓதப் படித்தவள். தமிழ் அச்செழுத்தைத் தானாகவே, கடைப் பொட்டலக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எழுதக் கற்றுக்கொடுத்தால் பெண்பிள்ளைகள் கண்டவனுக்குக் கடுதாசி எழுதும் என்று வீட்டில் அவள் கையில் பேனாவைக் கொடுக்கவில்லை. கையெழுத்து அவளுக்குப் படிக்கவும் வராது. “உங்க கூட்டெயுத்து எறும்பு ஊர்ற மாதிரி கீது” என்பாள். அச்சில் இருந்தால்தான் அவளுக்கு எழுத்து.

அதனால் அவள் சொல்ல நான் எழுதினேன். அவள் சொன்னபடி எழுதினேனா என்றால் இல்லை. ‘யோவ், உனக்குக் கண்ணு அவிஞ்சி பூடுச்சா’ என்று அவள் ஆரம்பிப்பாள். நான் ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் கதையில் கண் குறித்து ஒரு சிறு ஐயம்’ என்று எழுதுவேன். அவள் படித்துக் காட்டச் சொல்வாள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன். அவள் திருப்தியாகத் தலையாட்டுவாள். கீழே அவள் பெயர், தெருப் பெயர், ஊர். கடைசியில் அவள் கட்டைவிரலால் உறையை அழுத்தி ஒட்டுவாள். நான் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன்.

அது தப்பு என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாலு எழுத்து படித்துவிட்டேன் அல்லவா, அந்தத் திமிர். ஒரு பெரிய எழுத்தாளருக்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாவம் அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு. இரண்டு வருஷத்தில் ஒரு கடிதம்கூடப் பத்திரிகையில் வரவில்லை. அதனால் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

நூற்று முப்பது வாரத்துக்கு மேல் போன பிறகு ஒரு வியாழக்கிழமை மாலுமி செத்தான். கரைக்கு வரும் வழியில் புயலில் கப்பல் பாறையில் மோதி, கடல் அவனைக் கொண்டுபோயிற்று. நான் அழுதேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா மட்டும் முதல் தடவையாக நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“மறுபடியும் எயுத வந்துடுச்சுமே அவனுக்கு” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை. பிறகு கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத்தின் அடியிலிருந்த ‘தொடரும்’ என்ற சொல்லை வெட்டி எறிந்தாள். “நீ இங்க ‘முற்றும்’னு எயுது. நல்லா குண்டு குண்டா, அச்சு மாதிரி எயுது.” நான் எழுதினேன். அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டோடு சேர்த்துத் தைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் போய்க் கப்பல் முழுகின இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னைக் கிளப்பினாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

“அண்ணாத்த, இங்க பாறை கீதா? கப்பல் மோதி முழுகறாப்புல?”

“கீது, தா, அலை ஒடையுது பாரு, அங்க. ஏன், யாரு முழுகினாங்க?”

“தெரிஞ்ச ஆளு. கட்டையப் புடிச்சிகினு நாலஞ்சு நாளு கெடந்து, அப்பால வந்துடுவாங்களா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க அண்ணன் அங்கதாம்மா பூட்டான். மூணாம் நாளு வரைக்கும் பாப்போம். ஒடம்பு கரையேறினா ஏறும், இல்லாங்காட்டி இல்ல. நாலாம் நாளு அண்ணி வளையல கழட்டிட்டு மீன் கூடையத் தூக்கிட்டா. புள்ளைங்க சாப்பிட வேணாமா?”

அக்கா தலையை ஆட்டினாள். அங்கேயே நின்று அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் பார்க்க மட்டும் நாங்கள் வரவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சவுக்குத் தோப்பு நிழலில் அக்காவின் சொந்த அக்கா காத்திருந்தாள். சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். கொஞ்சம் தள்ளி ஒரு மனிதர், நாற்பது வயது இருக்கும், வெயிலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே கயிறும் வலைநூலும் விற்கிற கடைக்காரர். மனைவி இறந்துவிட்டாள், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் வராமல் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“நீங்க கதை படிப்பீங்கன்னு சொன்னாங்க. எம் மவளுக்கும் சொல்வீங்களா?”

“சொல்வேன்” என்றாள் அக்கா. “ஆனா என் கதையில செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க.”

“அதுக்கு அதான் சொல்லணும். அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு யாரோ சொல்லி வெச்சிட்டாங்க. தெனம் சாயந்திரம் வாசலப் பாத்துகினு ஒக்காந்துகினு கீது.”

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வருகையில் பஸ்ஸில் அக்கா விஷயத்தைச் சொன்னாள். பள்ளிவாசல் அஜரத்திடம் அவள் அக்கா ஏற்கெனவே கேட்டாயிற்று. புருஷன் இறந்துவிட்டதாகப் பெற்ற தாயே வந்து ஒப்புக்கொண்டால் வழி இருக்கிறது, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாம் மாமியாரின் ஒரு வார்த்தையில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

“கேப்பேன்” என்றாள் அக்கா. “இந்த மாசத்துக்குள்ள கேட்டுடுவேன். அந்தக் கொயந்த வாசலப் பாத்துகினு கீதாமே, கேட்டியா?”

மறுநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னாள். அன்று அவள் ஒரு திட்டுகூடத் திட்டவில்லை. நிதானமாகச் சொன்னாள். எனக்கு இன்றுவரை ஒரு சொல் மறக்கவில்லை.

“அண்ணாத்த, நீ அவன சாகடிச்சது சரி. அவன எழுப்பாத. எழுப்புன்னு உனக்கு ஆயிரம் பேரு எயுதுவாங்க, கேக்காத. வரமாட்டான்னு தெரிஞ்சும் வாசலப் பாத்துகினு கீறவங்க ஊர் ஊருக்கு கீறாங்க. உன் கதையப் பாத்துட்டு இன்னும் பத்து வருசம் ஒக்காந்துடுவாங்க. அவன் பொண்டாட்டி எயுந்து வேற வேலையப் பாக்கட்டும். அவள எழுப்பு, அவன எழுப்பாத.”

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை.

எனக்கு மாலுமி வேண்டும். இருபத்திரண்டு வயது எனக்கு, நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் சாகக் கூடாது. அது ஒன்று. இன்னொன்று அதைவிட அசிங்கம். அவள் மனசை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். இவள் வாய்தான் இப்படிப் பேசுகிறது, உள்ளுக்குள் புருஷன் வர வேண்டும் என்றுதான் ஏங்குகிறாள் என்று எனக்கு நானே தீர்மானம் செய்துகொண்டேன். கதைகளில் அப்படித்தான் வரும். தோப்பு நிழலில் அவள் முகத்தை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் கதையைத்தான் நம்பினேன்.

அவள் எதிரிலேயே, அவள் சொல்லச் சொல்ல நான் வேறு எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, மாலுமி உயிரோடு இருக்கிறார் என்று என் நெஞ்சு சொல்கிறது. காத்திருக்கும் பெண்ணின் கண்ணீருக்கு மதிப்பில்லையா? நானும் ரங்கூன் போன என் கணவருக்காகப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருப்பவள். அவரும் ஒரு நாள் வருவார். தயவுசெய்து மாலுமியைத் திருப்பித் தாருங்கள்.’ கீழே அவள் பெயரை எழுதினேன். பிறகு, அவள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துக் காட்டினேன். அவள் கட்டைவிரலால் உறையை அழுத்தி ஒட்டினாள்.

மூன்று வாரம் போயிற்று. அதற்குள் அக்கா மாமியாரிடம் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் அந்த அம்மாள் படுக்கையைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து அக்காவின் தலையில் கை வைத்து, “வர்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அஜரத்த பாத்துச் சொல்லிடறேன் புள்ள. எம் புள்ள மவுத்தாயிட்டான்னு என் வாயாலயே சொல்லிடறேன்” என்றார். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வியாழக்கிழமை.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை நீண்டுவிட்டது. நான் பத்திரிகையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியாரின் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர், அவரும் அந்தக் கதைக்கு அடிமைதான். அவர் எனக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் பத்திரிகை வாங்கி வந்து, வாசகர் கடிதப் பக்கத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டி முடித்திருந்தார். நான் எழுதின கடிதம்தான் எட்டங்குலத்துக்கு அச்சாகியிருந்தது. அக்காவின் பெயர், தெருப் பெயர், செங்கல்பட்டு. கீழே ஆசிரியரின் குறிப்பு வேறு: ‘இந்தச் சகோதரியின் கண்ணீர் என் பேனாவை அசைத்துவிட்டது. பொறுத்திருந்து பாருங்கள்.’

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்தை வாங்கி அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே புள்ள. எனக்காக மனச அடக்கிகினு இருந்தியா? உன் நெஞ்சும் அவன் வருவான்னுதான் சொல்லுதா? நான் பாவி, நாளைக்கிப் போய் எம் புள்ளைய மவுத்துன்னு சொல்ல இருந்தேனே. சொல்ல மாட்டேன். நாம ரெண்டு பேரும் காத்துகினு இருப்போம்.”

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கினாள். அச்சில் இருந்ததால் அவளால் படிக்க முடிந்தது. விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். மாமியார் அழுதுகொண்டே சிரித்தார், அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு துணை கிடைத்திருந்தது.

அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது நான் சொன்னது இல்லை மாமி, இவள் எழுதினது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? உன் மகன் வர வேண்டாம் என்றுதான் நான் எழுதச் சொன்னேன் என்று பெற்றவளின் முகத்துக்கு நேரே சொல்வதாகும். அக்கா கிழவியைத் தாண்டி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, “ஆமா மாமி” என்றாள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். இடது கண் வலது கண்ணானதற்கே வீட்டை இரண்டாக்கினவள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அன்றும் திட்டவில்லை, மறுநாளும் திட்டவில்லை. நானாகவே போய் நின்று, “கோர்ட்டுக்குப் போகலாம்க்கா, சட்டத்துல வழி இருக்கு, நான் விசாரிச்சு எழுதறேன்” என்றேன். எழுதறேன் என்ற சொல் என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். “கோர்ட்டுல போய் அந்தக் கெயவி எதிர்ல நின்னு இன்னா சொல்லச் சொல்ற? அதுக்கு இப்பதான் தூக்கம் வருது.” நூலை முடிச்சிட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். “கதை எயுதறவன் பொய் சொல்றான், அது அவன் தொயிலு. நீ இன்னாத்துக்குமே சொன்ன?”

நான் குனிந்து தரையில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மாதத்தில் மாலுமி திரும்பி வந்தான். கட்டையைப் பிடித்து மிதந்து, வேறொரு தீவில் கரையேறி, நினைவு தப்பி இருந்தானாம். நினைவு தப்புவதைத்தான் இந்தக் கயவர்கள் எப்போதும் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். ஊரே கொண்டாடியது. கதை இன்னும் இரண்டு வருஷம் ஓடி, எதற்காக ஆரம்பித்தோம் என்று அவருக்கே மறந்துபோய், சவசவவென்று முடிந்தது. காணாமல் போன அந்தத் தங்கை கடைசிவரை வரவே இல்லை. அக்கா அதை ஒரு வாரம்கூடப் படிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் கேட்டால், “அவன் வந்துட்டானாம் மாமி, நல்லா கீறானாம்” என்று சொல்லிவிட்டுத் தைப்பாள்.

கயிற்றுக் கடைக்காரர் அடுத்த ரம்ஜான்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு புதுப்பட்டினத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் குழந்தையிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமியார் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசி நாள்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே, சந்தோஷமாகத்தான் இருந்தாராம். அவரை அடக்கம் செய்யும்போது அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

எனக்கு மதுராந்தகத்துக்கு மாற்றல் வந்து நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது, அக்கா அந்தத் தைத்த கட்டை என் பெட்டிமேல் கொண்டுவந்து வைத்தாள்.

“இத நீயே வெச்சிக்க.”

“உங்களோடதுக்கா.”

“கடைசிப் பக்கத்துல உன் எயுத்து கீது. நீ எயுதினதுல அது ஒண்ணுதான் நான் சொன்னபடி எயுதினது.”

அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. மாலுமி அதில் பாறையில் மோதிச் செத்துப்போகிறான், திரும்பி வருவதே இல்லை. அடியில் குண்டு குண்டாக ‘முற்றும்’ என்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆசிரியர்மேல் வருகிற கோபத்தைவிட என் கைமேல்தான் அதிகக் கோபம் வருகிறது. பேனா பிடிக்கத் தெரிந்த கை. அவளுக்கு அது இருந்திருந்தால் என்னைத் தேடியிருக்கவே மாட்டாள்.

அவள் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அவள் சொல்லாத பேச்சுக்குக் கீழே அவள் பெயரை ஒரு தடவை எழுதினேன், அது அச்சிலும் வந்தது. இங்கே அவள் சொன்னதாக நான் எழுதியிருப்பதெல்லாம் அவள் சொன்னதுதான். ஆனாலும் இதை நான் படித்துக் காட்டினால் கேட்க அவள் இல்லை, விரல் வைத்துச் சரிபார்க்கவும் அவள் இல்லை. பெயரைப் போட எனக்கு உரிமை கிடையாது.